கற்பூரம் காட்டிய உதைபந்துப் படம்

1

தைலத்தின் மணம் முதலில் வரும். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் விடியும்.

யாழ்ப்பாணத்தில் இந்த மணத்துக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் யாருக்கோ தடிமன், சளி. இங்கே, மெல்பேர்னின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் நோபல் பார்க்கில், அதற்கு அர்த்தம் வேறு: வீட்டில் யாரோ உடம்பை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர். நான் என் முதுகை விட்டிருக்கிறேன். மகன் சேகர் தன் வலது முழங்காலை விட்டிருக்கிறான். என் மனைவி யோகம் இரண்டுக்கும் தைலம் தேய்க்கிறாள். அவள் கைக்கு வாடகை கொடுப்பாரில்லை.

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள் போன கிழமை மறுபடி வந்தது. யோகம் பாயசம் காய்ச்சினாள். சேகர் அதை நின்றபடியே குடித்துவிட்டு, "நைஸ், அம்மா" என்று சொல்லிப் பயிற்சிக்குப் போய்விட்டான். வந்த புதிதில் எங்களோடு தமிழில் சண்டை பிடித்த பிள்ளை. இப்போது ஆங்கிலத்தில் சமாதானமாக இருக்கிறான். எதை இழந்தோம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கதை சின்னது. என் பட்டத்தை இங்கே ஒரு அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பினேன். இதற்கு நிகரானது இந்த நாட்டில் இல்லை என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. ஆகவே நான் நிகரில்லாதவன் ஆனேன். நிகரில்லாதவர்களை மனமுவந்து சேர்த்துக்கொள்கிற இடம் டண்டினோங்கில் உள்ள கார்த் தொழிற்சாலை. அங்கே நான் கார்களுக்குக் கதவு பூட்டுகிறேன், அதாவது பொருத்துகிறேன். கதவு வரும், குனிவேன், பூட்டுவேன், நிமிர்வதற்குள் அடுத்த கதவு வரும். ஒருகாலத்தில் கவிதை எழுதியவன் என்பதால் கதவுகள் திறந்துகொள்ளும் என்று எழுதியிருக்கிறேன். அவை வந்துகொண்டே இருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

குனிவதற்கு எனக்கு உதவி செய்பவன் கெவின். தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலை. இளமையில் மெல்பேர்னின் பெரிய உதைபந்துக் கழகம் ஒன்றில் ஆடியவன். இப்போது அவன் நடக்கும்போது இரண்டு கால்களும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவைபோல இருக்கும். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருந்து வலிக்கான ஒரு குளிசைப் போத்தலை எடுத்து, "மிட்டாய் வேணுமா, மேட்?" என்று கேட்பான். இரண்டு குளிசை. அதன் பிறகு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். பிறகு நானே ஒரு போத்தல் வாங்கி வேலைச் சட்டையின் இடது பையில் வைத்துக்கொண்டேன். இரவல் மிட்டாய் எத்தனை நாளைக்கு?

சேகரை விளையாட்டில் சேர்த்துவிட்டவனும் இந்தக் கெவின்தான். சனிக்கிழமைகளில் அவன் ஒரு கழகத்தில் வீரர்களுக்குக் கட்டுப் போட்டு, தைலம் தேய்த்து விடுகிறவன். ரயில் பாதையோரம் இரண்டு தரிப்பிடம் தள்ளி இருக்கும் சின்னக் கழகம். பெயர் வேண்டாம். அங்கே ஆடுவது நமது உதைபந்து இல்லை. இந்த ஊருக்கென்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். ஆடுகிறவர்களின் தலை என்ன வடிவம் என்பது பருவம் முடிந்தபிறகுதான் தெரியும்.

நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. சனிக்கிழமை எனக்கு மேலதிக வேலை. கதவுகளுக்கு வார இறுதி கிடையாது.

2

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஆண்டில் சில முறை தமிழ்ப் படம் காட்டும் வழக்கம் உண்டு. சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் ஒருவர் பிரதி வைத்திருக்கிறார். ரயிலில் பொதியாக அனுப்புவார். நோபல் பார்க்கில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுப்போம். தேவாலயத்தில் பிள்ளையார் படம் வைக்க அனுமதி உண்டா என்று பாதிரியாரிடம் கேட்பதில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்.

சங்கச் செயலாளர் சண்முகநாதன் கணக்காளர். எதையும் நேரம் பார்த்துச் செய்கிறவர். வியாழக்கிழமையே ரயில் நிலையத்திலிருந்து படப்பெட்டியை எடுத்து வந்துவிட்டார். ஆனால் திறக்கவில்லை. திறப்பதற்கென்று எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஞாயிறு ராகுகாலம் கழிந்து, மண்டபத்தில், பிள்ளையாருக்கு முன்னால், பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அதன் பிறகுதான் மூடி கழற்றப்படும். முன்கூட்டித் திறந்து பார்ப்பது பெண் பார்க்குமுன் தாலி கட்டுவதைப்போல ஒரு அவசரம் என்பது அவருடைய கொள்கை.

அன்றும் அப்படியே நடந்தது. பொரித்த பற்றிஸும் றோல்ஸும் மணக்க, சேலைகளுக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட அன்ரிகள் முன்வரிசைக் கதிரைகளைப் பிடித்துவிட்டார்கள். கற்பூரம் காட்டப்பட்டது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விளக்கு அணைந்தது.

திரையில் பனி கொட்டியது. இரும்புக் கூண்டுக்குள் தலையை விட்ட ராட்சதர்கள், தோளில் தலையணை கட்டிக்கொண்டு, மூச்சில் புகை விட்டபடி எங்களை நோக்கி ஓடிவந்தார்கள்.

 விளம்பரமாக்கும் என்று எல்லோரும் பொறுத்தார்கள். நம்முடைய பொறுமைதான் தெரியுமே.

"உந்தப் பெடியள் ஏன் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஓடுறாங்கள்?" என்றார் முன்வரிசையில் ஒரு அன்ரி.

"குளிருக்காக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அப்ப கதாநாயகி எப்ப வருவா?"

"அவவும் மெத்தை கட்டிக்கொண்டுதான் வருவா போல."

நான் சண்முகநாதனிடம் போனேன். அவர் புரொஜெக்டர் பக்கத்தில் கல்லாய் நின்றார். "ஐசே, பெட்டி மாறிப் போச்சு" என்றார், தந்தி வாசிக்கிற குரலில். "ஸ்டேஷனில ஒரே மாதிரி ரெண்டு பெட்டி கிடந்தது. நான் கிட்ட இருந்ததைத் தூக்கினனான்."

"நிப்பாட்டுவமே?"

"கற்பூரம் காட்டியாச்சு காணும்! காட்டின கற்பூரத்தை எப்பிடித் திரும்ப வாங்கிறது? மண்டபக் காசும் குடுத்தாச்சு, றோல்ஸும் பொரிச்சாச்சு. ஓடட்டும்."

ஓடியது. எனக்கு இதில் அதிர்ச்சி இல்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு கொட்டகைகளுக்கு ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, சைக்கிளில் றீலைக் கொண்டோடிக் காட்டிய காலத்தில் படம் பார்த்தவன் நான். சைக்கிள் காற்றுப் போன நாளில் முதலில் கதாநாயகன் செத்தான், பிறகு கலியாணம் கட்டினான். நாங்கள் இரண்டுக்கும் அழுதோம்.

இது அமெரிக்க உதைபந்து பற்றிய படம். காசுக்கு ஆடுகிறவர்களின் கதை. நான் எதிர்பார்த்ததுபோல வெற்றிக்கிண்ணம், கைதட்டல் என்று ஒன்றும் இல்லை. முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்து பார்ப்பான். பயிற்சியாளர் காலையில் வீரர்களைத் தராசில் ஏற்றி, சந்தையில் கடா பார்க்கிறவனைப்போல விலாவைத் தட்டிப் பார்ப்பான். பிறகு எல்லோரும் முழங்காலிட்டு ஆண்டவனைத் தொழுவார்கள். தொழுது முடித்த அதே முழங்காலில் வைத்தியர் வலி மரக்க ஊசி ஏற்றுவார். முதலில் கற்பூரம், பிறகு பெட்டி திறப்பு. முறை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

குளிக்கிற அறைக் காட்சி வந்தபோது சண்முகநாதன் சட்டென்று கையை நீட்டி லென்சை மறைத்தார். திரை முழுவதும் மோதிரம் போட்ட ஒரு மாபெரும் கையின் நிழல். அமெரிக்கக் கதாநாயகன் பேசப்பேச அந்தக் கை காவல் நின்றது. கெட்ட வார்த்தை வரும் என்று தோன்றிய இடமெல்லாம் அறிவிப்புக்கு வைத்திருந்த ஒலிவாங்கியில் இருமினார். படம் முடியும்போது அவருக்கு உண்மையாகவே தொண்டை கட்டிவிட்டது.

ஆனால் ஒரு காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. சரிந்துகொண்டிருக்கிற வயதுக்காரன் ஒருவன். முழங்கால் வீங்கி இளநீர்போல இருக்கிறது. ஊசி போடுகிறார்கள். அவன் எழுந்து குதித்துப் பார்க்கிறான், சிரிக்கிறான், ஓடுகிறான். மைதான நடுவில் அவனுடைய கால் தப்பான பக்கமாக மடிகிறது. எங்களுக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் அந்தக் காலை ஊன்றி எழும்பப் பார்க்கிறான். திரும்பத் திரும்ப ஊன்றப் பார்க்கிறான். ஏன் எழும்ப முடியவில்லை என்ற குழப்பம்தான் முகத்தில். வலி இல்லை.

இருட்டில் யோகம் என் முழங்கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. எங்கட தம்பி சேகருக்கும் உப்பிடி ஊசி போடுறாங்களோ?"

"இது அமெரிக்கா, யோகம். அவன்ர விளையாட்டு வேற."

"விளையாட்டு வேற. முழங்கால் எல்லா நாட்டிலயும் முழங்கால்தானே?"

அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் றோல்ஸ் இருந்தது. கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

3

வீட்டுக்கு வந்தபோது சேகர் குசினியில், அடுப்புப் பக்கத்தில், இருந்தான். ஒரு கதிரையில் தான், எதிர்க் கதிரையில் கால், வீக்கம் வற்ற முழங்காலின் மேல் உறைந்த பட்டாணிப் பை. இந்த நாட்டில் பட்டாணிக்கு இரண்டு பயன். சமைப்பது சிறிய பயன்.

"படம் எப்படி?" என்று கேட்டான். ஒருநாளும் கேட்காத பிள்ளை.

"படம் மாறிப் போச்சு. உன்ர ஆக்களின்ர படம்" என்றேன்.

அவன் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

யோகம் நேராக விஷயத்துக்கு வந்தாள். "தம்பி, அவங்கள் உனக்கு ஊசி போடுறவங்களோ?"

"இட்ஸ் ஃபைன், அம்மா."

"ஃபைன் எண்டா ஓமோ, இல்லையோ?"

அவன் பட்டாணிப் பையைத் திருப்பி வைத்தான். "வாற சனி அரையிறுதி. பெரிய கிளப் ஒண்டில இருந்து ஆள் பார்க்க வருகுது. நான் ஆட வேணும். தட்ஸ் ஆல்."

அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. படிப்பும் நடக்கிறது, நடக்காமலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய கழகத்தைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்ததை நான் அறிவேன். முதல் கவிதை அச்சில் வந்த பத்திரிகையை நான் மணந்து பார்த்த நாளில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த மையின் மணம் எவ்வளவு தூரம் என்னைக் கொண்டுவந்து விட்டது என்று பாருங்கள். நேராகக் கதவுகளிடம்.

மறுநாள் சண்முகநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் படம் எங்கே போனதென்று கண்டுபிடித்துவிட்டாராம். ரயில் நிலையத்தில் கிடந்த மற்றப் பெட்டியை எடுத்துப்போனது சேகரின் கழகம். அவர்கள் வெள்ளிக்கிழமை பியர் குடித்துக்கொண்டு, மெத்தை கட்டி ஆடும் அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அந்தப் படத்தை வரவழைத்திருக்கிறார்கள்.

"உம்முடைய பெடியன் அங்கதானே ஆடுறவன். சனிக்கிழமை நீரே போய் மாத்திக்கொண்டு வாரும், ஐசே."

சனிக்கிழமை மேலதிக வேலைக்கு வரமாட்டேன் என்று மேற்பார்வையாளனிடம் சொன்னேன். யாராவது செத்தார்களா என்று கேட்டான். இல்லை, சினிமா என்றேன். அவன் அதை எப்படிப் பதிவதென்று தெரியாமல் என்னையே பார்த்தான்.

யோகம் காருக்குள் சண்முகநாதன் தந்த பெட்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பெட்டியை மட்டும் பார்த்திட்டு வராதேங்கோ."

4

கழகத்தின் கதவைத் திறந்ததும் மணம். எங்கள் வீட்டு விடியலின் மணம், நாற்பது பேருக்குப் போதுமான அளவில். தைலம், ஈரப் புல், வியர்வை, பழைய பியர். என் முதுகு அதை அடையாளம் கண்டு தானாகவே வலித்தது.

கெவின் தன் இரண்டு ஆட்களின் கால்களோடு வந்து பெட்டியை வாங்கினான். அவனுடைய ஆங்கிலத்தை நான் தமிழில் தருகிறேன். கெட்ட வார்த்தைகளை இடையிடையே நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"இது என்ன, மேட், பெட்டியில மஞ்சளா?"

"சந்தனம். உங்கட படத்தைக் கும்பிட்டுத்தான் பார்த்தோம்."

"நாங்கள் உங்கட படத்தைக் குடிச்சுப் பார்த்தோம்." எங்கள் பெட்டியைக் காட்டினான். மூடி நிறைய பியர்க் குவளைகளின் வட்டங்கள். "ஆனா நல்ல படம். அந்தத் தாய்க்காரி ரெண்டாவது பாதியில பாடுற இடத்தில எங்கட கோச் அழுதிட்டான். வெளியில சொல்லாதே."

"உங்களுக்கு எப்படி விளங்கினது?"

"உன்ர பெடியன்தானே. ஷேக்ஸ்." சேகர் என்ற பெயர் இந்த ஊரில் அவ்வளவு தூரம்தான் தாங்கும். "திரைக்குப் பக்கத்தில கதிரையில ஏறி நிண்டு முழுக் கதையும் சொன்னவன். ஒவ்வொரு சொல்லா. பாதி அவனே கட்டினது எண்டு நினைக்கிறன்."

 வீட்டில் "நைஸ்" என்ற ஒரு சொல்லில் பாயசத்தையும் தாயையும் முடிக்கிற பிள்ளை, பியர் குடிக்கும் நாற்பது பேருக்கு ஒரு தமிழ்த் தாயின் அழுகையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இந்தச் செய்தியை எனக்குத் தர ஒரு ரயில்வேப் பொதிக் கந்தோர் தேவைப்பட்டது.

"எங்கே அவன்?"

கெவின் பெட்டியைக் கீழே வைத்தான். "பின் அறையில. டொக்டரோட."

பின் அறை என்பது ஒரு மேசையும் ஒரு வெளிச்சமும். மேசையில் சேகர். காற்சட்டைக்குக் கீழே அவன் முழங்காலை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை திரையில் பார்த்த அதே இளநீர். பக்கத்தில் கழகத்து வைத்தியர், உதட்டில் சிகரெட், கையில் ஊசி.

"தகப்பனா? இருங்கள்" என்றார். "ஒரு நிமிஷ வேலை."

"நான் கையெழுத்து ஒன்றும் போடேல்லையே" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"தேவையில்லை. வயது வந்துவிட்டது."

இந்த நாட்டில் வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு எடுக்க என் கையெழுத்து வேண்டும். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து மிருகக்காட்சிச் சாலைக்குப் போக என் கையெழுத்து வேண்டியிருந்தது. முழங்காலுக்கு வேண்டாமாம்.

"தம்பி, வேண்டாம்."

"அப்பா, பிளீஸ்."

"அந்தப் படத்தில பார்த்தனான் தம்பி. கால் உடையுது, அவனுக்குத் தெரியேல்லை. இது போட்டா உனக்கு நோவு தெரியாது. நோவு தெரியாட்டி..."

"அதுக்குத்தானே போடுறது!" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்கள் பார்க்க வேணும் எண்டுதான் நான் சொல்லேல்லை."

"என்ன சொல்லேல்லை?"

"பெட்டி மாறினதை. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். எங்களுக்குத் தமிழ்ப் படம் வந்தா உங்களுக்கு எது போயிருக்கும்? நான் சொல்லியிருந்தா சண்முகம் அங்கிள் கான்சல் பண்ணியிருப்பார். யூ ஹாவ் நெவர் கம், அப்பா. ஒரு மேட்சுக்கும் வரேல்லை."

வைத்தியர் சிகரெட்டின் சாம்பலைத் தட்டினார். கெவின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவனுக்கும் பயம். பயப்படுகிறேன் என்று சொல்ல அவனிடம் ஒரு மொழியும் இல்லை. தமிழை எங்களிடம் விட்டுவிட்டான், ஆங்கிலம் இந்த அறைக்குரியது. ஆகவே ஒரு படத்தை அனுப்பியிருக்கிறான்.

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லு" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீங்கள் சொல்லுவியளா?"

"நானோ?"

"காலமை தேத்தண்ணியோட ரெண்டு குளிசை. டீ பிரேக்கில ரெண்டு. கெவ் எனக்குச் சொன்னவர். நோவு தெரியாமத்தானே நீங்களும் போடுறியள்?"

"அது சம்பளத்துக்கு, தம்பி."

"இதுவும் நாளைக்குச் சம்பளம்தான்."

நான் கெவினைப் பார்த்தேன். "நீ சொல்லு, கெவ். நீ ஆடினவன்தானே."

கெவின் தலையை ஆட்டினான். "நான் வேண்டாமெண்டும் சொல்லமாட்டன், வேணுமெண்டும் சொல்லமாட்டன். எனக்கு வேணுமெண்டு சொன்னவங்கள். பார்." வாசலிலிருந்து மேசைவரை நடந்து காட்டினான். நாலு அடி. அதைப் பார்ப்பது அந்த அமெரிக்கப் படத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"திங்கட்கிழமை குளிசை இல்லாமப் போவியளா?" என்றான் சேகர். "போனா, நான் இப்ப இது வேண்டாமெண்டு சொல்லுறன். ப்ராமிஸ்."

குளிசை இல்லாமல் நான் குனிய முடியாது. குனிய முடியாவிட்டால் மேற்பார்வையாளனிடம் போய் இலேசான வேலை கேட்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் இலேசான வேலை கேட்கிறவனை மிகவும் அன்பாக நடத்துவார்கள். ஆள் குறைக்கும்போது முதலில் அவனுக்குத்தான் ஓய்வு. சேகருக்கு இது தெரியும். தெரிந்துதான் கேட்டான். அவன் பந்தயத்தில் வைப்பது எவ்வளவோ அவ்வளவை என்னையும் வைக்கச் சொன்னான். நியாயமான பிள்ளை. யார் வளர்த்ததோ.

வெளியே ஆட்டம் தொடங்கச் சங்கு ஊதியது.

"ஓம்" என்றேன்.

வைத்தியர் தோளைக் குலுக்கினார். ஊசியைத் தட்டில் வைத்தார். கெவின் சேகரின் முழங்காலுக்கு வெள்ளைப் பட்டியை இறுக்கி இறுக்கிச் சுற்றினான். 

அன்று முதன்முதலாக என் மகன் ஆடுவதைப் பார்த்தேன். இரண்டு படப்பெட்டிகளுக்கும் அன்று நானே காவல். ஒன்றில் சந்தனம், ஒன்றில் பியர். விதிகள் எனக்கு விளங்கவில்லை. விதிகள் இருப்பதாக அங்கே யாரும் சொல்லவுமில்லை. ஆனால் ஒருமுறை அவன் எழும்பினான். ஒரு வெள்ளைக்காரனின் தோளுக்கு மேலே, கைகள் வானத்துக்குப் போக, பந்து அவனிடம் வந்து சேர்ந்தது. அந்த ஒரு கணம் அவனுக்கு ஊர் இல்லை, மொழி இல்லை, தகப்பன்கூட இல்லை. நான் ஒரு வாழ்நாளில் எழுத நினைத்த வரி அதுதான். பிறகு அவன் நிலத்துக்கு இறங்கினான். எல்லாரும் இறங்கத்தான் வேண்டும்.

எல்லையோரம் பெரிய மேலங்கி போட்ட ஒருவர் நின்றார். பார்க்க வந்த ஆள் அவர்தான் என்று சுற்றி நின்றவர்களின் மரியாதையிலேயே தெரிந்தது. அவரும் அந்தப் பாய்ச்சலைப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தார்.  ஊசி போட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். ஓம், நினைத்தேன்.

மூன்றாவது பகுதியில் சேகர் பந்தோடு திரும்பினான். திரும்பியவன் நின்றுவிட்டான். ஓடலாம், முன்னால் வெட்டவெளி. ஆனால் காலை ஊன்றவில்லை. முகம் சுருங்கியது. பந்தைப் பக்கத்திலிருந்தவனுக்குத் தட்டிவிட்டு, கையை உயர்த்தி, ஒற்றைக்காலில் துள்ளித்துள்ளித் தானாகவே வெளியே வந்தான். கூட்டத்தில் சிலர் கேலியாகக் கத்தினார்கள். மேலங்கிக்காரர் மாமிசப் பேஸ்ட்ரி வாங்கப் போனார். வாங்கிக்கொண்டு மைதானத்தின் மறுபக்கம் போய், வேறு ஒரு பையனைப் பார்க்கத் தொடங்கினார். அவ்வளவுதான். ஒரு எதிர்காலம் கைமாற இவ்வளவு நேரம்தான்.

கெவின் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"திரும்பினபோது நொந்ததாம்" என்றான்.

"அப்ப?"

"அப்ப கால் முறியேல்லை." குனிந்து தன் காலைத் தடவினான். "எனக்கு நோகேல்லை, மேட். அண்டைக்கு எனக்கு ஒண்டுமே நோகேல்லை."

வீடு திரும்பும்போது சேகர் பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தான். அழுதானோ தெரியவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியை நான் மேலே திருப்பிவிட்டேன். அவனுக்கு ஒரு அறை வேண்டும். காரில் அதைவிடப் பெரிய அறை இல்லை.

5

ஞாயிறு முழுக்க யாரும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. சண்முகநாதன் மட்டும் வந்து, பெட்டியின் பியர் வட்டங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துப்போனார். யோகம் இரண்டு உடம்புக்கும் தைலம் தேய்த்தாள். எனக்குக் கூடுதலாக. ஒன்றும் கேட்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

திங்கள். தைலத்தின் மணம் வந்தது. பிறகு விடிந்தது. கட்டிலில் இருந்து நான் எழும்பிய விதத்தை விவரிக்க மாட்டேன். கவிதைக்கு உகந்த காட்சி அல்ல. கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் என் மரியாதையைப் பிடித்து நின்றேன்.

குசினியில் வெளிச்சம் இருந்தது. சேகர் தன் இரண்டு கதிரைகளில். பட்டாணிப் பை. இந்த நேரத்தில் அவன் விழித்திருக்க நான் பார்த்தது, விமானத்தில் வந்த அந்த முதல் இரவுக்குப் பிறகு இன்றுதான். தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தான். சீனி அதிகம். குடித்தேன். தேத்தண்ணியோடு எதுவும் விழுங்கவில்லை. அவன் பார்த்தான். நானும் அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.

சாப்பாட்டுப் பையை யோகம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவுவரை போனேன். என் வீட்டு வாசலில் இருக்கிற ஒரே ஒரு கதவு. அதை நான் பூட்டவில்லை, யாரோ பூட்டியது. குனியத் தேவையில்லை.

"போயிட்டு வாறன்" என்றேன்.

வழக்கமாக அதற்கு அவன் "சீ யா" என்பான். இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையின் இடது பையைப் பார்த்தான். கையை நீட்டினான்.

"அந்தப் போத்தலை வைச்சிட்டுப் போங்கோ, அப்பா."